தேர் ஓடும் தெருவில் கல்யாணப் பந்தல் போடலாமா?

கோவையில் வேலை பார்க்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருக்கு வரும் நவம்பர் 14-ம் தேதி காலை முகூர்த்தம். அவருடைய பாட்டி பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது 84 வயது. பேத்தியின் கல்யாணத்தைப் பிறந்த கிராமத்தில் பார்க்க வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. பூர்வீக வீடு எப்போதோ கைமாறிவிட்டதால், புதுப்பித்து ஹோம்ஸ்டேயாக நடத்தப்படும் பழைய அக்ரஹார வீடு ஒன்றை இரண்டு நாளைக்கு 5 லட்சம் ரூபாய்க்குப் பேசி, 2 லட்சம் அட்வான்ஸை யுபிஐ வழியாக மேனேஜருக்கு அனுப்பியிருக்கிறார்கள். எழுத்தில் இருப்பது "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்ற ஒரு வரி ரசீது மட்டும். மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில்: வீடு, வாசல் தெருவில் 300 பேருக்குப் பந்தல், முதல் நாள் மாலை திறந்த காரில் ஜானவாசம் (மாப்பிள்ளை ஊர்வலம்), ஆற்றுக் கடவில் போட்டோ.

அப்புறம்தான் உறவினர் ஒருவர், "அது தேர்ச் சமயமாச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். மேனேஜரிடம் கேட்டால், தேர் வந்தால் கல்யாணம் இன்னும் களைகட்டும், வேண்டாமென்றால் பணம் வராது என்கிறார். அப்பாவோ போனது போகட்டும், கோவையிலேயே மண்டபம் பார்க்கலாம் என்கிறார். பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை. வாசகியின் கேள்விகள்: முத்திரைத் தாளில் ஒப்பந்தம் இல்லாததால் பணம் போனது போனதுதானா? மேனேஜர் மீது மோசடிப் புகார் கொடுக்கலாமா? பாரம்பரிய கிராமம் என்பதால் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டுமா? கல்யாணத்தைக் கோவையிலேயே பதிவு செய்துகொள்ளலாமா?

பாலக்காட்டில் வக்கீல் தொழில் செய்கிறவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் நேரம் இருக்கிறது, பத்திரிகையும் அடிக்கவில்லை, அதனால் இதில் சரிசெய்ய முடியாதது என்று எதுவும் இல்லை. பாட்டியின் ஆசையையும் கைவிட வேண்டாம். ஆனால் நீங்கள் நினைத்த தேதியில், நினைத்த மாதிரி இது நடக்காது.

தேதி

கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் தேர்த்திருவிழா ஐப்பசிக் கடைசியில், நவம்பர் 14, 15, 16 வாக்கில் வருகிறது. முதல் நாள் விசுவநாத சுவாமியின் தேர்கள் புறப்படும். அடுத்து புதுக் கல்பாத்தி மந்தக்கரை கணபதியின் தேரும், பிறகு பழைய கல்பாத்தி லட்சுமிநாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன கணபதி தேர்களும் வந்து சேர, மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் தேர்கள் சங்கமிக்கும். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான பேர், பின்னாலிருந்து தேரை நெட்டித் தள்ள யானை, தெரு நெடுகக் கடைகள், வண்டிகள் உள்ளே வர முடியாத அளவுக்குக் கூட்டம். அதையொட்டிச் சங்கீத உற்சவமும் நடக்கும். உங்கள் வீட்டு வாசல் என்று மேனேஜர் காட்டிய இடம் அந்த நாட்களில் தேர் போகிற பாதை. பந்தல்கால் நடுவதற்கே இடம் இருக்காது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து வாசலில் இறங்குவதும் நடக்காது, 84 வயதுப் பாட்டியை அந்தக் கூட்டத்தில் நடத்திக் கூட்டிப் போவதை நினைக்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. போதாததற்கு, கொடியேறிவிட்டால் உற்சவம் முடிகிற வரை ஊருக்குள் கல்யாணம் வைப்பதில்லை என்ற வழக்கம் நம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் உண்டு. கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்காமல் அந்த நாளில் முகூர்த்தம் வைத்தால், பாட்டியின் சொந்தக்காரர்களே வரத் தயங்குவார்கள்.

தேர் முடிந்த கையோடு கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் கார்த்திகை பிறந்ததும் சபரிமலை மண்டல காலம் ஆரம்பித்துவிடும். எல்லையிலுள்ள வாளையார் வழி முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள், பாலக்காட்டில் ரூமும் ரயிலில் டிக்கெட்டும் கிடைப்பது சிரமம். அடுத்தது மார்கழி. என்னைக் கேட்டால் தை மாதம்தான் நல்லது. வெயிலும் ஏறியிருக்காது, மழையும் இருக்காது, ஊரும் அமைதியாக இருக்கும்.

வீடு அவருடையது, தெரு அவருடையது அல்ல

உங்கள் பிரச்சினையின் மையம் இதுதான், வழக்கு என்று போனாலும் இதுதான் உங்களுக்குக் கை கொடுக்கும். ஹோம்ஸ்டேக்காரரால் வாடகைக்கு விடக்கூடியது அந்த வீட்டையும் திண்ணையையும் கொல்லையையும் மட்டும். வாசலில் இருக்கும் தெரு பொதுவழி. அதில் பந்தல் போட நகராட்சியிடம் கேட்க வேண்டும், ஊர்வலத்துக்குப் போலீஸிடம் கேட்க வேண்டும். பொதுவழியில் கூட்டமும் ஊர்வலமும் நடத்துவதைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் 2011-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆற்றுக் கடவும் அப்படித்தான். அங்கே ஜனங்கள் குளிக்கிறார்கள், தர்ப்பணம் செய்கிறார்கள், "காசியில் பாதி கல்பாத்தி" என்று நம்பி வருகிறார்கள். பெண்கள் குளிக்கும் இடத்தில் கேமராவோடும் ட்ரோனோடும் நிற்பது மரியாதை இல்லை, சட்டச் சிக்கலும் வரும். மலம்புழா அணையில் ஷட்டர் திறந்தால் அந்த ஆற்றில் தண்ணீர் ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

"தேர் இருக்கிறது என்று சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்" என்பதை உங்கள் முக்கிய வாதமாக எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது, ஆனால் அந்த வாதம் பலவீனமானது. கல்பாத்தித் தேர் ஊரறிந்த விஷயம், உங்கள் பாட்டிக்கே தெரியும். சாதாரணமாக விசாரித்தாலே தெரிந்திருக்கக் கூடிய ஒன்றை எதிர்த் தரப்பு சொல்லவில்லை என்பதற்காக மட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்வது கடினம். ஒப்பந்தச் சட்டத்தின் 19-ம் பிரிவிலேயே அப்படி ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதே நேரத்தில், தனக்கு உரிமையில்லாத தெருவில் 300 பேருக்குப் பந்தலும் ஊர்வலமும் தருவதாக அவர் வாட்ஸ்அப்பில் எழுதித் தந்ததும், அதை நம்பி நீங்கள் பணம் கட்டியதும் வேறு விஷயம். அது நேரடியான வாக்குறுதி, அவரால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதி. பணத்தைக் கேட்டு வக்கீல் மூலம் நீங்கள் அனுப்பும் நோட்டீஸில் இது முதலில் வரட்டும், தேர் இரண்டாவதாக வரட்டும்.

அந்த 2 லட்சம்

முத்திரைத் தாள் இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்பது நம் ஆட்களிடம் ஆழமாகப் பதிந்துவிட்ட எண்ணம். அது தவறு. ஒருவர் கேட்டு, இன்னொருவர் ஒத்துக்கொண்டு, பணம் கைமாறினால் ஒப்பந்தம்தான். வாட்ஸ்அப் பேச்சு நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்கும். அதற்கு 2023-ம் ஆண்டுப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி ஒரு சான்று இணைக்க வேண்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது எதையும் அழிக்காமல் இருப்பது, அந்தப் போனை மாற்றாமல் இருப்பது, யுபிஐ பணம் யார் பெயருக்குப் போனது என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பார்த்து வைப்பது. கணக்கு மேனேஜருடையதா, வீட்டு உரிமையாளருடையதா என்பது முக்கியம். நோட்டீஸை இரண்டு பேருக்கும் அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நழுவிவிடுவார்கள்.

"திருப்பித் தரப்படாது" என்று எழுதிவிட்டால் முழுப் பணமும் அவர்களுக்கே என்பதும் அப்படியே சரியில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டால் நியாயமான இழப்பீடுதான் வாங்கலாம் என்கிறது. கைலாஷ் நாத் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், நஷ்டமே ஏற்படாதபோது முன்பணத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போது உங்கள் விஷயத்துக்கு வாருங்கள். தேர் நாட்களில் கல்பாத்தியில் ஒரு ரூம் கிடைப்பதே அரிது. நீங்கள் இப்போதே விலகினால் அந்த இரண்டு நாட்களுக்கும் அவருக்கு வேறு ஆள் கிடைக்காமல் போகுமா? இதை நோட்டீஸில் அழுத்தமாக எழுதச் சொல்லுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் தாமதிக்கத் தாமதிக்க அவர் "எனக்கு நஷ்டம்" என்று சொல்ல இடம் கிடைக்கும்.

ஆனாலும் முழுத் தொகையும் வரும் என்று நான் உறுதி தர மாட்டேன். இரண்டு மாதமாக வீட்டை உங்களுக்காக ஒதுக்கி வைத்தேன், வேறு ஆளைத் திருப்பி அனுப்பினேன் என்று அவர் காட்டினால் ஒரு பகுதி கழியலாம்.

பணம் திரும்பாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்காகப் பாலக்காட்டுக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே, அதாவது கோவை மாவட்ட ஆணையத்திலேயே, மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பாருங்கள், சில நேரம் அந்த ஒரு போனிலேயே பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவார்கள்.

போலீஸுக்குப் போவதை நான் விரும்பவில்லை. மோசடிக் குற்றம் நிற்க வேண்டுமென்றால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். வீடு உண்மையில் இருக்கிறது, சாவியும் தரத் தயாராக இருக்கிறார், எனவே ஸ்டேஷனில் இதை சிவில் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். பாட்டியின் ஊரில் பகை சம்பாதித்ததுதான் மிச்சமாகும்.

அப்பா சொல்வது மாதிரி 2 லட்சத்தை விட்டுவிடவும் வேண்டாம், சண்டையிலேயே இறங்கவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதே 2 லட்சத்தைத் தை மாதத் தேதிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். தேர் நாட்களில் அவருக்கு வீடு திரும்பக் கிடைக்கிறது, உங்களுக்குப் பணம் வீணாகவில்லை. நோட்டீஸில் இதை ஒரு மாற்று யோசனையாகவே எழுதி, பதில் சொல்ல 15 நாள் கொடுங்கள்.

பாரம்பரிய கிராமம் என்றால் என்ன அர்த்தம்

தொல்லியல் துறை என்று பயப்பட வேண்டாம். பாலக்காடு கோட்டை மாதிரி மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குத்தான் சுற்றிலும் 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்றெல்லாம் இருக்கிறது, அதுவும் கட்டுமானத்துக்கு. கல்பாத்தி அப்படிப்பட்ட நினைவுச்சின்னம் இல்லை, பாரம்பரிய கிராமமாக அறிவிக்கப்பட்ட, மக்கள் வசிக்கிற ஊர். அங்கே வீடுகளின் முகப்பை மாற்றுவது, இடித்துக் கட்டுவது போன்றவற்றுக்குத்தான் தனி அனுமதி தேவைப்படும். கல்யாணம் செய்ய டெல்லி அனுமதி தேவையில்லை.

அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். அக்ரஹார வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை, இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர், மேலே மர மச்சு. கொல்லையில் நாலைந்து சிலிண்டர் வைத்து 300 பேருக்குத் தேகண்டம் (கல்யாணச் சமையல்) நடத்தினால், ஒரு தீப்பொறியில் வரிசை முழுக்க ஆபத்து. மச்சில் நூறு பேரை ஏற்றுவதும் அப்படித்தான். அலங்காரக்காரர்கள் பழைய தூணிலும் கதவிலும் ஆணி அடிப்பார்கள், அந்தச் சேதத்துக்கு உங்களிடம்தான் பணம் கேட்பார்கள். வீட்டை வாங்கிக்கொள்ளும்போதே ஒவ்வொரு அறையையும் தேதியோடு வீடியோ எடுத்து வையுங்கள். ஹோம்ஸ்டே நடத்த அனுமதி இருப்பதாலேயே கல்யாண மண்டபமாக நடத்த அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை, நகராட்சி உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புகார் கொடுத்தால் போதும், முகூர்த்த நேரத்தில் வாசலில் போலீஸ் நிற்கும்.

எனக்குத் தோன்றுவது இது. அந்த வீட்டைத் தங்கவும், நலங்கு, பாலிகை மாதிரி சின்னச் சடங்குகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்தையும் சாப்பாட்டையும் கிராம சமூகத்தின் மடத்தில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பாலக்காட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணங்கள் சமூக மடத்தில்தான் நடந்து வந்திருக்கின்றன, அதற்கான சமையல்கட்டும் பந்தி போட இடமும் அங்கே இருக்கும். போனில் கேட்காதீர்கள். பாட்டியின் உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய், பாட்டி இன்னார் வீட்டுப் பெண் என்று சொல்லிக் கேளுங்கள். ஜானவாசம் எந்தத் தெரு வழியாக, எத்தனை மணிக்கு என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு மேனேஜரிடம் காசு கொடுத்து வாங்கும் அனுமதியைவிட இது எவ்வளவோ மேல்.

புதிதாக எழுதும் ஒப்பந்தத்தில்

இந்த முறை ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உரிமையாளரின் கையெழுத்து இருக்க வேண்டும். எந்தெந்த அறைகள், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எத்தனை பேர், கரன்ட் போனால் ஜெனரேட்டர் யாருடையது, சேதத்துக்கான டெபாசிட் எவ்வளவு, எப்போது திரும்பும், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதெல்லாம் வரட்டும். ஜிஎஸ்டி எண் இல்லாதவர் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது. ரத்துக்கு ஒரே வரி போதாது. இத்தனை மாதம் முன்னால் என்றால் இவ்வளவு கழிவு, அவரே ரத்து செய்தால் அவர் என்ன தர வேண்டும் என்று இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

ஊர் விதிகளில் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, திறந்த வெளியில் மேளம் முழங்குவதும் கூடாது, எனவே விடிகாலை முகூர்த்தம் பார்த்தால் அது கட்டடத்துக்குள் நடக்கட்டும். மண்டபமாக உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள் முன்பே நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் கேரளத்தில் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்குக்குத் தடை, கோவையிலிருந்து பிளாஸ்டிக் கப்பும் பிளேட்டும் மொத்தமாக வாங்கி வராதீர்கள். வெடியை விட்டுவிடுங்கள். 2016 புற்றிங்கல் கோயில் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு கேரளத்தில் இதில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. கோவையிலிருந்து வரும் வாடகை பஸ்ஸுக்குக் கேரளத்துக்குள் வரும் பெர்மிட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், வாளையாரில் அரை நாள் நின்றால் முகூர்த்தத்துக்கு ஆள் இருக்காது.

பதிவு எங்கே

தெருவில் தமிழ் கேட்கிறது, கோயிலில் தமிழ் மாதம்தான் கணக்கு, 1956 வரை பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் இன்று கல்பாத்தியில் தாலி கட்டினால் கேரள விதிதான். அங்கே 2008-ம் ஆண்டு விதிகளின்படி எல்லாக் கல்யாணத்தையும், எந்த மதமானாலும், நடந்த இடத்து உள்ளாட்சியில் 45 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்கு அது பாலக்காடு நகராட்சி. தமிழ்நாட்டுச் சட்டத்தில் 90 நாள் என்று கேள்விப்பட்டு நீங்கள் சாவகாசமாக இருந்துவிடக் கூடாது. 45 நாள் தாண்டினாலும் பதிவு செய்யலாம், அபராதமும் அலைச்சலும் கூடும். இரண்டு பேரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, இரண்டு சாட்சிகள், கல்யாணம் நடந்ததற்கான சான்று தேவை. அந்தச் சான்றைக் கோயிலிலோ மடத்திலோ அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் கவுன்சிலரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். கேரள உள்ளாட்சிகளின் சேவைகளுக்காக 2024 ஜனவரியில் வந்த கே-ஸ்மார்ட் ஆப்பில் வீடியோ வழியாகவே அடையாளம் சரிபார்த்துப் பதிவு செய்யும் வசதி இருப்பதால், இதற்காக இன்னொரு தடவை லீவு போட வேண்டியிருக்காது.

பத்திரிகையை மட்டும் இப்போது அடிக்கக் கொடுக்காதீர்கள். நோட்டீஸுக்குப் பதில் வந்து, மடத்தில் தேதி உறுதியான பிறகு கொடுங்கள். பதில் வராவிட்டால் 16-ம் நாள் கோவை ஆணையத்துக்கான மனுவைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, மடத்துப் பேச்சை அது பாட்டுக்குத் தொடருங்கள்.